மழை பொய்த்த தீவில் தொடங்கிய காய்ச்சல்: லாமு முதல் ரவென்னா வரை சிக்குன்குனியா சென்ற பாதை, 2004–2007

கென்யாவின் வடகோடிக் கடற்கரையில் லாமு என்று ஒரு சிறு தீவு. பவளக்கல்லில் கட்டிய பழைய சுவாஹிலி வீடுகள், எதிரே ஒருவர் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்கவேண்டிய சந்துகள், சுமை தூக்கக் கழுதைகள். 2001-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2004-இன் நடுவில் இங்கே வீடு வீடாக ஒரே நோய் படுக்கவைத்தது. திடீரென்று கடுங்காய்ச்சல்; கூடவே கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டுகளில் நிமிரவிடாத வலி. அந்த அக்டோபரில் ரத்தப் பரிசோதனையோடு நடந்த கணக்கெடுப்பு, தீவில் இருந்த சுமார் 18,000 பேரில் 13,500 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டது. நான்கில் மூன்று பேர். சில மாதங்களில் ஒரு வைரஸ் ஓர் ஊரை இவ்வளவு முழுமையாகச் சுற்றிவருவது அபூர்வம்.

கொசு என்றாலே மழை, தேங்கிய நீர், சாக்கடை என்று ஓடும் நம் புத்திக்கு இடறுவது ஒரே ஒரு செய்தி: அந்த ஆண்டு லாமுவில் மழை சரியாகப் பெய்யவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். 2004-இல் அது ஏமாற்றிவிட்டது. மே மாதம் வழக்கத்தைவிட வறண்டும் வெக்கையாகவும் கழிந்தது. மழைப் பதிவுகளையும் செயற்கைக்கோள் தரவுகளையும் வைத்து இந்தத் தொற்றை ஆராய்ந்து 2007-இல் கட்டுரை வெளியிட்டவர்கள், வறட்சியையே முக்கியக் காரணியாக முன்னால் நிறுத்தினார்கள்.

லாமுவிலிருந்து கிளம்பிய அந்த வைரஸ் மூன்றே ஆண்டில் இந்தியப் பெருங்கடல் தீவுகளையும் தக்காணத்தையும் கேரளத்தையும் தாண்டி இத்தாலிக் கிராமம் ஒன்று வரை போனது. நின்ற இடங்களிலெல்லாம் வானிலை வேறு, கொசு வேறு, தண்ணீர் தேங்கிய பாத்திரம் வேறு. என் வாதம் இதுதான்: காலநிலை இந்த நோய்களைத் தொடுவது பெரும்பாலும் மனிதர் வைத்திருக்கும் தண்ணீரின் வழியாக. அந்தத் தண்ணீரை யார், எதற்காக, எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமல் மழை வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இந்தப் பாதையில் பாதி இடங்களில் நம் கணிப்பு தப்பியிருக்கும்.

வறட்சியில் கொசு எங்கிருந்து வந்தது

லாமுவில் நோயைப் பரப்பியது ஏடிஸ் எகிப்தி. நமக்கு டெங்கு கொண்டுவரும் அதே பகல் கொசு. இது குளம் குட்டையைத் தேடிப் போகாது. சாக்கடையும் இதற்கு ஒத்துவராது. வீட்டுக்குள்ளோ வாசலிலோ நிழலில் நிற்கும் தெளிந்த நீர்தான் வேண்டும். முட்டையைத் தண்ணீரின் மேல் மிதக்கவிடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். முட்டை காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மட்டம் ஏறி நீர் தொட்டதும் பொரியும்.

இதை ஒரு தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். நல்ல மழை ஆண்டில் தொட்டி நிரம்பி வழிகிறது. பழைய நீர் போய்ப் புது நீர் வருகிறது. உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவிவிடவும் தாராளம் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் அதே தொட்டி பாதிக்கு இறங்குகிறது; எங்கிருந்தோ சுமந்து வந்த நீரை ஊற்றி ஒரு சாண் ஏற்றுகிறார்கள்; மறுபடி இறங்குகிறது. அடியில் கிடக்கும் அரைக்குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவ யாருக்கும் மனம் வராது. சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைக்கு இதைவிடத் தோதான ஏற்ற இறக்கம் கிடையாது.

வெக்கையும் தன் வேலையைச் செய்கிறது. நோயாளியின் ரத்தத்தை உறிஞ்சிய கொசு அடுத்த நிமிடமே நோயைப் பரப்பிவிட முடியாது. வைரஸ் கொசுவின் குடல் சுவரைக் கடந்து, உடலுக்குள் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டவேண்டும். இந்த முதிர்வுக் காலம் வெப்பத்தைப் பொறுத்து நீளும், சுருங்கும். டெங்குவில் இதை நன்றாக அளந்திருக்கிறார்கள்: 25 டிகிரி செல்சியஸில் சராசரியாகப் பதினைந்து நாள், 30 டிகிரியில் ஆறரை நாள். பெண் கொசுவின் ஆயுளே இரண்டு மூன்று வாரம்தான் என்னும்போது இந்தச் சில நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பதினைந்து நாள் ஆகுமென்றால் பெரும்பாலான கொசுக்கள் அதற்குள் செத்துப்போகும். ஆறு நாளில் முடிந்தால் பலவும் பிழைத்திருந்து கடிக்கும். சிக்குன்குனியா வைரஸ் டெங்குவைவிட அவசரக்காரன். சாதகமான சூழலில் இரண்டு மூன்று நாளிலேயே உமிழ்நீரில் வந்துவிடுவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் அதே கென்யாவில் உண்டு. 2006 அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல் நினோ எனப்படும் பசிபிக் கடல் வெப்ப ஏற்றமும் மேற்கு இந்தியப் பெருங்கடலின் வெப்பமும் சேர்ந்து பேய்மழையைக் கொட்டின. வடகிழக்கில் காரிஸா பகுதியின் புல்வெளிப் பள்ளங்கள் நிரம்பின. அந்தப் பள்ளங்களின் மண்ணில், முந்தைய வெள்ளத்தின்போது இடப்பட்ட ஏடிஸ் மெக்கின்டோஷி என்ற வேறொரு கொசுவின் முட்டைகள் கிடந்தன. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற கால்நடை நோயின் வைரஸ் தாய்க்கொசுவிடமிருந்து முட்டைக்கே இறங்கக் கூடியது. வெள்ளம் வந்தது, முட்டை பொரிந்தது, ஆடுமாடுகள் கருக்கலைந்து மடிந்தன, மனிதருக்கும் தொற்றியது. கென்யாவில் மட்டும் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தத் தொற்று வரப்போகிறது என்று கடல் வெப்பநிலையையும் நிலத்தின் பசுமையையும் செயற்கைக்கோள் வழியே பார்த்துவந்த நாசா குழுவினர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். மெச்சத்தக்க கணிப்பு. ஆனால் அதே பசுமை வரைபடத்தை 2004 மே மாதத்து லாமுவின் மேல் விரித்திருந்தால் 'இங்கே ஆபத்தில்லை' என்றுதான் காட்டியிருக்கும். இரண்டும் ஏடிஸ் இனம், இரண்டும் ஒரே நாடு. ஒன்று மண்ணில் முட்டையிடுகிறது, மற்றது வீட்டுச் சுவரில்.

பழைய வைரஸ், புதிய பயணம்

சிக்குன்குனியா 2004-இல் பிறந்த நோயல்ல. 1952–53-இல் இன்றைய தான்சானியாவின் தெற்கே மகோண்டே மேட்டுநிலத்தில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். அந்த இடத்தின் அமைப்பையும் கவனிக்கவேண்டும்: மேட்டில் தண்ணீர் கிடையாது. பெண்கள் பள்ளத்தாக்கில் இறங்கிச் சுமந்து வந்து, குடிசைக்குள் பானைகளில் சேர்த்துவைத்துப் புழங்கினார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பே இதே நாடகம், இதே மேடை.

பிறகு ஆசியாவில் 1958-இல் பாங்காக், 1963-இல் கொல்கத்தா, 1964-இல் சென்னை, வேலூர், 1973-இல் மகாராஷ்டிரத்தின் பார்சி. அதோடு இந்தியாவில் முப்பத்திரண்டு ஆண்டு அமைதி. இந்த அமைதியையும் கணக்கில் சேர்க்காமல் காலநிலையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. ஒருமுறை வந்தவருக்கு எதிர்ப்பாற்றல் நெடுநாள் நிற்கும் நோய் இது. 2005-இல் இந்தியர்களில் பெரும்பாலோர் இந்த வைரஸைச் சந்தித்ததே இல்லை. தீ பரவ வெயில் மட்டும் போதாது, காய்ந்த சருகும் வேண்டும்.

லாமுவிலிருந்து 2004 இறுதியில் மொம்பாசா துறைமுகம். அடுத்து 2005 தொடக்கத்தில் கொமொரோஸ் தீவுகள். கிராண்ட் கொமொர் ஓர் எரிமலைத் தீவு. நல்ல மழை பெய்யும் இடம்தான், ஆனால் ஒரு நிரந்தர ஆறுகூட இல்லை; விழும் மழையை நுண்துளைப் பாறை குடித்துவிடுகிறது. அதனால் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி. தொற்று ஓய்ந்தபின் எடுத்த ரத்தக் கணக்கெடுப்பில் 63 சதவீதம் பேருக்கு நோய் வந்து போயிருந்தது. வறண்ட லாமுவும் மழை கொட்டும் கொமொரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தன. வானம் வேறு, தொட்டி ஒன்று.

ரீயூனியன்: குளிர்காலத்தில் நடந்த மாற்றம்

இந்தப் பாதையில் அதிகம் கற்றுத் தந்த இடம் ரீயூனியன். மொரிஷியசுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சு மாகாணம். ஏழே முக்கால் லட்சத்தைத் தாண்டிய மக்கள், வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர், பிரான்சுக்கு நிகரான மருத்துவமனைகள். லாமுவில் நடந்தது இங்கே நடக்க வழியில்லை என்று எவரும் நினைத்திருப்பார்கள். ஏடிஸ் எகிப்தியும் அங்கே அதிகம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மலேரியாவை ஒழிக்க டி.டி.டி அடித்தபோது அது சில ஓடைச் சரிவுகளுக்குள் ஒடுங்கிவிட்டது. அது விட்டுப்போன இடத்தைப் பிடித்துக்கொண்டது ஏடிஸ் அல்போபிக்டஸ் எனும் ஆசியப் புலிக்கொசு. கறுப்பு உடல், முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு. தோட்டத்தில் பூந்தொட்டித் தட்டு, வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை, கல்லறையில் வைத்த பூச்சாடி, மலையோடைப் பாறைக் குழி என்று கைக்குக் கிடைத்த இடத்தில் வளரும். குளிரையும் பொறுக்கும். தீவில் 1,200 மீட்டர் உயரம் வரை காணப்பட்டது.

2005 மார்ச்சில் முதல் நோயாளிகள். மே மாதம் ஒரு சிறு அலை. ஜூன் வந்ததும் தென்கோளத்துக் குளிர்காலம் தொடங்கியது. அலை தணிந்தது, ஆனால் அணையவில்லை. குளிர்ந்த அந்த மாதங்கள் முழுக்க வாரத்துக்குச் சுமார் நூறு பேருக்கு நோய் வந்துகொண்டே இருந்தது. நோய் போய்விட்டதென்று மற்றவர்கள் நினைத்த அந்தக் காலத்தில்தான் மாற்றம் நிகழ்ந்தது.

வைரஸின் மேலுறையில் இருக்கும் ஈ1 என்ற புரதத்தில், 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்தது. அது வாலினாக மாறியது. ஒரே ஓர் எழுத்துப் பிழை என்று சொல்லலாம். ஏ226வி என்று குறிக்கப்படும் இந்த மாற்றம், முதல் அலையின் மாதிரிகளில் இல்லை. செப்டம்பருக்குப் பிறகு எடுத்த மாதிரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இருந்தது. 2007-இல் ஆய்வகச் சோதனைகள் காரணத்தைக் காட்டின: மாறிய வைரஸ் புலிக்கொசுவின் குடலை மிக எளிதாகத் தொற்றுகிறது, உமிழ்நீருக்கு விரைவில் போய்ச் சேர்கிறது. எகிப்திக் கொசுவிடம் இந்த மாற்றத்தால் பெரிய ஆதாயம் எதுவும் இல்லை. எகிப்தி அரிதாகி அல்போபிக்டஸ் நிறைந்த தீவில், இந்த மாற்றம் ஏற்பட்ட வைரஸ் மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டது.

டிசம்பரில் வெயிலும் மழையும் சேர்ந்து வந்தன. 2006 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரே வாரத்தில் 45,000-க்கு மேற்பட்டோருக்கு நோய். பாரிஸ் அரசாங்கம் கொசு ஒழிப்புக்கு ராணுவ வீரர்களை அனுப்பியது. மொத்தத்தில் சுமார் 2,66,000 பேர், அதாவது மூன்றில் ஒருவர். 250-க்கும் மேற்பட்ட இறப்புச் சான்றிதழ்களில் சிக்குன்குனியாவின் பெயர் ஏறியது. பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதும் இங்கேதான் தெளிவாகப் பதிவானது.

இங்கே காலநிலையின் பங்கு என்ன? டிசம்பர் மழையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். பல செய்திகள் அப்படித்தான் செய்தன. அதைவிட முக்கியம் ஜூலையின் மிதமான குளிர் என்று நினைக்கிறேன். குளிர்காலம் இன்னும் கடுமையாக இருந்திருந்தால் சங்கிலி அறுந்திருக்கும்; மாறிய வைரஸ் தலையெடுக்கக் காலம் கிடைத்திருக்காது. கொசுவும் வைரஸும் குறைந்த அளவில் தொடர்ந்து சந்தித்துக்கொண்டே இருக்கும் ஒரு மந்த காலம், உச்ச காலத்தைவிட ஆபத்தானதாக இருக்கலாம். ஓய்ந்துவிட்டது என்று கொசு ஒழிப்பைத் தளர்த்தும் அதிகாரிகள் இந்த ஜூலையை நினைவில் வைத்திருப்பது நல்லது.

தக்காணத்தின் வறண்ட மாதங்கள்

இந்தியாவுக்கு ரீயூனியனிலிருந்து நோய் வந்தது என்று அன்று பலரும் நம்பினார்கள். மரபணுக்களை ஒப்பிட்டபோது வேறு விடை கிடைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு கிளைகள் தனித்தனியே புறப்பட்டிருக்கின்றன. ஒன்று தீவுகளுக்கு, மற்றது இந்தியாவுக்கு. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம், 2006-இல் பரவியது 1963-லும் 1973-லும் இங்கே இருந்த ஆசிய வகையல்ல, ஆப்பிரிக்க வகை என்று காட்டியது. தக்காணத்தில் அதைப் பரப்பியது பெரும்பாலும் ஏடிஸ் எகிப்தி. ஏ226வி மாற்றம் அந்த வைரஸில் இல்லை. எகிப்திக்கு அது தேவைப்படவும் இல்லை.

2005 டிசம்பரில் ஆந்திரம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் மாலேகாவ். பிறகு வடகர்நாடக ஊர்கள். மாதங்களைப் பாருங்கள்: டிசம்பர், பிப்ரவரி, மார்ச். தக்காணத்தில் மழையே இல்லாத காலம். நான்கு நாளைக்கு ஒருமுறை, வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊர்களில் சிமென்டுத் தொட்டியும் ட்ரம்மும் அண்டாவும் எப்போதும் நிறைந்தே இருக்கும். லாமுவின் கதைதான், ஆள்தொகை மட்டும் பல மடங்கு. தென்மேற்குப் பருவமழை வந்தபின் இன்னும் பெருகியது. அந்த ஆண்டு அரசுக் கணக்கில் சுமார் 13.9 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் கர்நாடகம். தமிழ்நாட்டில் சுமார் 65,000 என்று பதிவானது. மருத்துவமனைக்கே போகாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து தேறியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை என்பது அந்த ஆண்டை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். நிலவேம்புக் குடிநீர் நம் ஊர்களில் வீட்டுப் பேச்சானதும் அந்தக் காய்ச்சலில்தான்.

அரசுக் கணக்கில் உயிரிழப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆமதாபாத் நகரின் இறப்புப் பதிவேடுகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வு, 2006 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை வழக்கத்தைவிட 2,944 இறப்புகள் கூடுதல் என்று கண்டது. அத்தனைக்கும் சிக்குன்குனியாதான் காரணம் என்று அறுதியிட முடியாது. ஒன்றுகூட இல்லை என்பதை நம்புவது அதைவிடக் கடினம்.

2006-இன் இறுதியில் இலங்கை. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, புத்தளம், கொழும்பு. அந்த ஆகஸ்டில்தான் ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டு யாழ்ப்பாணத் தீபகற்பம் தரைவழி துண்டிக்கப்பட்டிருந்தது. அப்படியும் நோய் நுழைந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. தீபகற்பத்தில் ஆறு இல்லை. கிணற்றை நம்பிய வாழ்க்கை. கடலோரம் கிணற்றில் உப்பேறுகிறது. ஏடிஸ் கொசு நன்னீரில் மட்டுமே வளரும் என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கடலோரத்தில் கைவிட்ட கிணறுகளிலும் பழைய படகுகளிலும் தூக்கியெறிந்த கலங்களிலும் தேடிய ஆய்வாளர்கள், லிட்டருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரில் எகிப்தி, அல்போபிக்டஸ் இரண்டின் புழுக்களையும் கண்டு 2011-இல் அறிவித்தார்கள். கடல்நீரில் இருப்பது சுமார் 35 கிராம். கடல்மட்டம் உயர்ந்து நிலத்தடியில் உப்பு புகும்போது கொசு பின்வாங்கும் என்ற ஆறுதலுக்கும் இடமில்லாமல் போயிற்று.

ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகள்

2007-இல் கேரளத்தின் கோட்டயம், பத்தனம்திட்டை, இடுக்கி ஆகிய ரப்பர் மாவட்டங்கள் படுத்தன. முந்தைய ஆண்டு ஆலப்புழைக் கடற்கரையைத் தாக்கியபோது கேரளத்தில் ஏ226வி மாற்றம் தென்படவில்லை. 2007 மாதிரிகளில் இருந்தது. ரீயூனியனிலிருந்து யாரும் கொண்டுவந்ததல்ல. இந்தியக் கிளையிலேயே தனியாகத் தோன்றியது. மத்திய ஆப்பிரிக்காவின் காபோனிலும் கேமரூனிலும் பரவிய வைரஸிலும் இதே இடத்தில் இதே மாற்றம். ஒரே விடையை மூன்று மாணவர்கள் தனித்தனியே எழுதியிருந்தால் கேள்வித்தாள் ஒன்று என்றுதானே பொருள்? கேள்வித்தாள் அல்போபிக்டஸ்.

அந்தக் கொசு அங்கே அவ்வளவு பெருகியது ஏன் என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு ஹெக்டேர் ரப்பர் தோட்டத்தில் நானூறு மரங்களுக்கு மேல். மரத்துக்கு ஒரு சிரட்டை அல்லது பிளாஸ்டிக் கிண்ணம். பால்வெட்டு நடக்கும்போது தண்ணீர் தேங்க வழியில்லை. ஜூன், ஜூலையில் மழை வலுத்ததும் பால்வெட்டு நின்றுவிடும். கிண்ணங்கள் மரத்திலேயே இருக்கும். மேலே அடர்ந்த நிழல், உள்ளே மழைநீர், கீழே உதிர்ந்த இலை. நானூறு தொட்டில்கள். வேலையாட்கள் நுழையாத தோட்டம் ஆதலால் தட்டிவிடவும் ஆள் இல்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிச் சுகாதாரத் துறை வீடு வீடாக ஏறி இறங்கியது. அடுத்த ஆண்டு கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டத்தில் பாக்குத் தோப்புகளில் இதே நிலை. அங்கே உதிர்ந்து கிடந்த கமுகம் பாளைகள் நீரைத் தாங்கின.

தக்காணத்தில் மழை இல்லாததால் வந்த நோய், கேரளத்தில் மழையால் வந்தது. ஒரே வைரஸ் குடும்பம், ஒன்றரை ஆண்டு இடைவெளி. 'மழை கூடினால் சிக்குன்குனியா கூடுமா?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பவருக்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் போதும்.

இலங்கையிலும் இதே போக்குதான். 2006–07 மாதிரிகளில் இல்லாத ஏ226வி, 2008-இல் ரத்தினபுரி போன்ற ஈரநிலப் பகுதிகளில் பரவியபோது வந்துவிட்டது.

இத்தாலியில் ஒரு கோடை

2007 ஜூனில் கேரளத்திலிருந்து ஒருவர், வடகிழக்கு இத்தாலியின் ரவென்னா மாகாணத்தில் காஸ்திலியோனே தி செர்வியா என்ற கிராமத்துக்கு உறவினரைப் பார்க்கப் போனார். போன இரண்டாம் நாள் காய்ச்சல். ஜூலை 4 முதல் செப்டம்பர் 27 வரை, ஆற்றின் இரு கரைகளில் இருந்த இரட்டைக் கிராமங்களையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து 205 பேருக்கு நோய். முதியவர் ஒருவர் இறந்தார். மிதவெப்ப ஐரோப்பாவில் சிக்குன்குனியா உள்ளூரிலேயே பரவியது அதுவே முதல் முறை.

புலிக்கொசு 1990-இல் ஜெனோவாவுக்குப் பழைய டயர் இறக்குமதியில் ஏறி வந்து சேர்ந்திருந்தது. டயருக்குள் காய்ந்து கிடந்த முட்டை கப்பல் பயணத்தைத் தாங்கும். ஐரோப்பியக் குளிரையும் தாங்கும். பகல் குறுகத் தொடங்கியதும் இந்தக் கொசு பொரியாமல் உறங்கும் முட்டைகளை இடும். 2006–07 குளிர்காலம் ஐரோப்பாவில் பதிவான மிக மிதமான குளிர்காலங்களில் ஒன்று. வசந்தமும் சீக்கிரம் வந்தது. ரொமான்யா சமவெளியின் வீட்டுத் தோட்டங்களில் கொசு மொய்த்த கோடையில் அந்த ஒரு பயணி வந்து இறங்கினார். அவர் கொண்டுவந்த வைரஸில் ஏ226வி இருந்தது. ரப்பர்க் கிண்ணத்துக் கொசுவுக்காகப் பழகிய வைரஸ், இத்தாலியப் பூந்தொட்டித் தட்டில் வளர்ந்த அதே இனக் கொசுவைச் சந்தித்தது. வீடு வீடாக நடந்த கொசு ஒழிப்போடு இலையுதிர்காலக் குளிரும் சேர்ந்ததும் நின்றுபோனது. லாமுவில் தொற்று ஓய்ந்தது ஆள் தீர்ந்ததால். இங்கே வெப்பம் தீர்ந்ததால்.

வெப்பம் கூடினால் எங்கே கூடும், எங்கே குறையும்

ஆய்வகத் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கணக்கீடுகளின்படி, எகிப்திக் கொசு நோய் பரப்ப மிக உகந்த வெப்பம் சுமார் 29 டிகிரி. அல்போபிக்டசுக்கு சுமார் 26. இரண்டு பக்கமும் எல்லை உண்டு: கீழே 16 முதல் 18 டிகிரிக்குள் பரவல் நின்றுவிடும், மேலே 34 டிகிரியை ஒட்டி எகிப்தியும் தளர்ந்துவிடும். புவி சூடாகும்போது எல்லா ஊரிலும் நோய் ஏறும் என்பது இதிலிருந்து வராது. ஏற்கெனவே கொதிக்கும் இடங்களில் கோடை உச்சம் கொசுவைக் கொல்லும். மலையூர்களும் ஐரோப்பாவும் புதிதாக வளையத்துக்குள் வரும். இதிலும் ஒரு கொக்கி: வானிலை நிலையம் அளப்பது வெளிக்காற்றை. வேலூரில் மே மாதம் வெளியே 41 டிகிரி என்றாலும், கொல்லைப்புறச் சிமென்டுத் தொட்டியின் நிழலும், கட்டிலுக்கு அடியும், துணி தொங்கும் கொடியும் அந்த வெப்பத்தில் இருப்பதில்லை. எகிப்தி வாழ்வது அங்கேதான்.

மழைக்கும் வறட்சிக்கும் இடையிலான இந்த இழுபறியைப் பிரேசிலின் டெங்குத் தரவுகளில் அளந்து 2021-இல் வெளியிட்டார்கள். பெருமழைக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களுக்குள் ஆபத்து ஏறுகிறது. கடும் வறட்சிக்குப் பிறகு மூன்று முதல் ஐந்து மாதங்களில் ஏறுகிறது. குழாய்த் தண்ணீர் அடிக்கடி தடைபடும் நகரப் பகுதிகளில் வறட்சியின் தாக்கம் கூடுதல். லாமுவை ஒரு தேசத்தின் அளவில் அச்சடித்தது போன்ற முடிவு. இதைப் பார்த்த பிறகும் நம் ஊர்களில் கொசுப்புழுத் தேடலை வடகிழக்குப் பருவமழைக்கு ஒதுக்கிவைப்பதும், கோடையில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றுபவர் வராமல் போவதும் எனக்கு விளங்காத கணக்கு. ட்ரம்மில் புழு கிடந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடுகிறோம். ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் அவர் ட்ரம் வைக்காமல் வேறென்ன செய்வார்? மாதவாரி மழைப் பதிவுக்குப் பக்கத்தில் வார்டுவாரியாகத் தண்ணீர் வந்த நாள்களின் பதிவையும் வைத்துப் பார்த்தால், எச்சரிக்கை இன்னும் முன்னதாகவே கிடைக்கும்.

ஏ226வி கதையை முழு விடையாக எடுத்துக்கொள்வதும் சரியல்ல. ஆசியாவில் அறுபது ஆண்டாக அல்போபிக்டஸ் மொய்த்த இடங்களில் சுற்றிய பழைய ஆசிய வகை வைரஸ் ஏன் இந்த மாற்றத்தைப் பெறவில்லை? அதே ஈ1 புரதத்தில் 98-ஆம் இடத்தில் இருக்கும் வேறொரு வேறுபாடு, 226-இல் வரும் மாற்றத்தின் பயனை முடக்கிவிடுகிறது என்று 2011-இல் கண்டார்கள். அந்த ஆசிய வகைதான் 2013 டிசம்பரில் கரீபியனின் செயின்ட் மார்ட்டின் தீவில் இறங்கி, ஓராண்டுக்குள் அமெரிக்கக் கண்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. எகிப்திக் கொசு போதுமான அளவில் இருந்த இடங்களில் அதற்கு எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. 2017-இல் ரோம் நகரமும் அதன் தெற்கே அன்சியோ கடற்கரையும் தாக்கப்பட்டபோது வைரஸில் ஏ226வி இல்லை, பரப்பியது அல்போபிக்டஸ். கொசு மிகுந்து வெயிலும் நீண்டால், பழகாத வைரஸும் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும் போலிருக்கிறது.

ரீயூனியனுக்கு அது மீண்டும் வந்தது. 2024 ஆகஸ்டில் உள்ளூரில் முதல் நோயாளி, 2025 ஏப்ரலில் உச்சம், உறுதிசெய்யப்பட்டவர்கள் மட்டும் 50,000-க்கு மேல். 2006-இல் தப்பியவர்களும் அதன்பின் பிறந்தவர்களும் அதற்குள் போதுமான அளவு சேர்ந்திருந்தார்கள். அந்தத் தீவிலிருந்து பிரான்சுக்குப் போய்வருபவர்கள் ஏராளம். அந்தக் கோடையில் பிரான்சின் தெற்கே மட்டுமின்றி, ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸ் வரை உள்ளூர்த் தொற்று பதிவானது; எண்ணிக்கை நூறுகளில். பிரான்சில் முதன்முதலாக உள்ளூரில் இருவருக்குச் சிக்குன்குனியா தொற்றியது 2010-இல், கோடை முடியும் செப்டம்பரில். 2025-இல் அந்த அறிவிப்பு ஜூன் மாதமே வந்துவிட்டது.